எட்டு நாற்காலிகளையும் ஒரு தடவை கவிழ்த்துப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆரியங்காவுக்கு மேலே உள்ள ஒரு பழைய எஸ்டேட் பங்களாவின் சாமான்கள் ஏலத்துக்கு வரப்போவதைப் பற்றிச் சென்ற ஞாயிறு இணைப்பில் அரைப் பக்கம் எழுதியிருந்தீர்கள். கூடவே சாப்பாட்டு அறை நாற்காலிகளின் படம். படத்துக்குக் கீழே, பதினெட்டாம் நூற்றாண்டில் இங்கிலாந்து மன்னரின் அரண்மனைத் தச்சராக இருந்த தாமஸ் சிப்பண்டேல் தம் கையாலேயே செய்த எட்டு நாற்காலிகள் என்றும், நகக்கால் (பறவை நகம் ஓர் உருண்டையைக் கவ்வியது போன்ற கால்) அவருடைய கண்டுபிடிப்பு என்றும் போட்டிருந்தது.

படத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். சந்தேகமே இல்லை. வலது ஓரத்தில் நிற்கும் இரண்டு நாற்காலிகளும் என் அப்பா செய்தவை. 1958-ல், செங்கோட்டையில், எங்கள் வீட்டுத் திண்ணையை ஒட்டி ஓலைச் சாய்ப்பு இறக்கியிருந்த பட்டறையில். அப்போது எனக்கு ஒன்பது வயது. மரத்தைப் பிடித்துக்கொள்வது, உளியைச் சாணைக்கல்லில் தீட்டுவது, வச்சிரப் பசை காய்ச்சும் பானையின் கீழே தீ அணையாமல் பார்ப்பது எல்லாம் என் வேலை. அதனால் ஓரளவு உரிமையோடுதான் எழுதுகிறேன்.

உங்கள் நிருபரைக் குறை சொல்லவில்லை. ஏலக்காரர் சொன்னதை அவர் எழுதியிருப்பார், ஏலக்காரருக்கு எஸ்டேட்காரர் சொல்லியிருப்பார், எஸ்டேட்காரருக்கு அதற்கு முன்னால் இருந்தவர் சொல்லியிருப்பார். பொய் சொன்னவர் என்று யாரும் இல்லாமலே ஒரு பொய் இப்படித்தான் வளரும்.

விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் ஊர் 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தது. மொழிவாரி மாநிலம் பிரித்தபோது நாங்கள் மதராஸ் பக்கம் வந்துவிட்டோம், மலை அந்தப் பக்கம் போய்விட்டது. ஆனால் மரமும் வேலையும் கோடு பார்த்தா வரும்? எஸ்டேட்டில் கதவு இறங்கிவிட்டதா, கட்டில் ஆடுகிறதா, செங்கோட்டை ஆசாரிக்குத்தான் ஆள் வரும். அந்தப் பங்களாவில் எட்டு நாற்காலிகள் இருந்தன. இரண்டைக் கரையான் தின்றுவிட்டது. புதிதாக வந்திருந்த மேனேஜருக்கு எட்டு பேர் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். மிச்சம் இருந்ததில் ஒன்றைச் சாக்குச் சுற்றி, தேயிலைப் பெட்டி ஏற்றி வந்த லாரியில் அனுப்பிவைத்தார். "இதே மாதிரி ரெண்டு வேணும் ஆசாரி. வித்தியாசம் தெரியக் கூடாது."

அப்பா இரண்டு நாள் ஒரு வேலையும் செய்யவில்லை. நாற்காலியை நடுப் பட்டறையில் வைத்துவிட்டுச் சுற்றிச் சுற்றி வந்தார். நான் உட்காரப் போனேன். "ஏலே, எந்திரி. அது தொரை வீட்டு நாற்காலி" என்று அதட்டினார். மூன்றாம் நாள் ராத்திரி, எல்லாரும் படுத்த பிறகு, அரிக்கேன் விளக்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவரே அதில் உட்கார்ந்திருந்ததை நான் பாயில் படுத்தபடி பார்த்தேன். காலை நீட்டினார், மடக்கினார், முதுகைச் சாய்த்தார், பின்பக்கம் கையை விட்டுத் தடவினார். உட்கார்ந்து பார்க்காமல் நாற்காலி பிடிபடாது என்று பிற்பாடு சொன்னார்.

மரம்தான் முதல் சிக்கல். வந்த நாற்காலி மகோகனி. செந்நிறம், நெருக்கமான வரி, உளிக்கு வெண்ணெய் மாதிரி இணங்கும், ஆனால் ஓரம் சிதையாது. இன்றைக்கு மகோகனி நம் பக்கத்திலும் வைத்து வளர்க்கிறார்கள். அன்றைக்கு எங்கே போவது? தேக்கில் செய்தால் நிறம் காட்டிக்கொடுக்கும். ஈட்டியில் செய்தால் தூக்க ஆள் வைக்க வேண்டும். அப்பா புனலூர் வரை போய் மூன்று மரக்கடை ஏறி இறங்கி, கடைசியில் சந்தனவேம்புப் பலகை கொண்டுவந்தார். தடவிப் பார்த்து, மோந்து பார்த்து, எச்சில் தொட்டு நிறம் பார்த்து எடுத்தது. மகோகனியும் வேம்பும் சந்தனவேம்பும் ஒரே தாவரக் குடும்பம் என்று நான் மரவேலைப் பயிற்சியில் சேர்ந்த பிறகுதான் படித்தேன். அப்பாவுக்கு அதை மூக்கு சொல்லியிருக்கிறது.

அச்சு எடுக்க எங்களிடம் நல்ல அட்டை கிடையாது. கமுகம்பாளையைத் தண்ணீரில் ஊறவைத்து, கல் ஏற்றித் தட்டையாக்கி, அதில் நாற்காலியின் முதுகுப் பலகையை வைத்துக் கரியால் வரைந்து வெட்டினார். அந்த முதுகுப் பலகையில் நாடா பின்னியது மாதிரி ஒன்றுக்குள் ஒன்று புகுந்து வெளியே வரும். துளை போட்டு, துளைக்குள் வாளை விட்டு அறுத்து, அப்புறம் இந்த நாடா மேலே, அந்த நாடா கீழே என்று தோன்றும்படி உளியால் அரை நூல், ஒரு நூல் தாழ்த்த வேண்டும். உண்மையில் எல்லாம் ஒரே பலகை. கண்ணை ஏமாற்றுகிற வேலை. முன்னங்கால் அதைவிட மோசம். முழங்கால் மாதிரி வெளியே தள்ளி, கணுக்கால் மாதிரி உள்ளே ஒடுங்கி, கீழே ஒரு நகம் உருண்டையைக் கவ்விப் பிடித்திருக்கும். மூன்று அங்குலச் சதுரக் கட்டையிலிருந்து அறுத்து எடுக்க வேண்டும். "முக்கா மரம் சீவலாப் போகுது. வெள்ளைக்காரனுக்கு மரம் சும்மா கெடைச்சிருக்கும் போல" என்று அப்பா முணுமுணுத்துக்கொண்டே இருந்தார். அது எவ்வளவு சரியான பேச்சு என்று பிறகு சொல்கிறேன்.

அந்த நகம் எந்தப் பறவையின் நகம் என்று அவருக்குத் தெரியவில்லை. கழுகா, பருந்தா? யோசித்துப் பார்த்துவிட்டு, ஒரு வெள்ளிக்கிழமை தென்காசிக்குப் போய்க் கோயில் தூணில் உள்ள யாளியின் பாதத்தைப் பார்த்துவிட்டு வந்தார். அதனால்தான் சொல்கிறேன், உங்கள் படத்தில் வலது ஓரத்து இரண்டு நாற்காலிகளின் காலைப் பாருங்கள். மற்ற ஆறின் நகத்தில் விரல் மெலிந்து நீண்டிருக்கும். இந்த இரண்டில் விரல் தடித்து, ஒவ்வொரு மூட்டும் புடைத்து, நகம் உள்நோக்கி வளைந்திருக்கும். அது தென்காசி யாளி. லண்டனில் யாரும் அப்படிச் செதுக்கியிருக்க முடியாது.

கூலி எண்பது ரூபாய் என்று பேச்சு. ஐம்பது வந்தது. மிச்சத்துக்கு அப்பா இரண்டு தடவை மலை ஏறினார். முதல் தடவை மேனேஜர் ஊரில் இல்லை. இரண்டாம் தடவை இருந்தார், அடுத்த மாசம் பார்க்கலாம் என்றார். அதற்குப் பிறகு அப்பா போகவில்லை. பஸ் செலவு யார் தருவது?

அந்த நாளில் நான் சிப்பண்டேல் என்ற பெயரையே கேள்விப்பட்டதில்லை. எங்கள் பட்டறையில் அது 'புலிக்கால் நாற்காலி', அவ்வளவுதான். பெயர் தெரிந்தது 1983-ல். அப்போது நான் ஒரு பள்ளியில் மரவேலை ஆசிரியர். சென்னைக்கு ஒரு வேலையாகப் போனவன், மூர் மார்க்கெட்டில் (அது எரிந்துபோக இன்னும் இரண்டு வருஷம் இருந்தது) பழைய புத்தகக் குவியலில் பெரிய அளவில் ஒரு புத்தகத்தைப் பார்த்தேன். விரித்தால் எங்கள் வீட்டு நாற்காலி! நாடா முதுகு, வளைந்த கால், எல்லாம். சிப்பண்டேல் வெளியிட்ட மரச்சாமான் மாதிரிப் படப் புத்தகம், 1762-ல் அவர் போட்ட மூன்றாம் பதிப்பின் மறுபதிப்பு அது. பேரம் பேசவே தோன்றவில்லை, கேட்டதைக் கொடுத்துவிட்டு வாங்கிவந்தேன். இன்றைக்கும் என் மேஜை மேல்தான் இருக்கிறது, ஓரங்களைக் கொஞ்சம் பூச்சி அரித்திருக்கிறது.

அந்த ஆளைப் பற்றி அதற்குப் பிறகு கிடைத்ததையெல்லாம் படித்தேன். 1718-ல் யார்க்ஷயரில் ஓட்லி என்ற சந்தை ஊரில் பிறந்தவர். அப்பா தச்சர். ஆக, நம்மைப் போல ஆசாரி மகன். லண்டனுக்குப் போனார், 1748-ல் அங்கே கல்யாணம். 1754-ல் செயின்ட் மார்ட்டின்ஸ் லேன் என்ற தெருவில் பெரிய பட்டறை போட்டார். அதற்குப் பணம் போட்டவர் ஜேம்ஸ் ரேனி என்ற ஸ்காட்லாந்துக்காரர். மன்னரின் தச்சர் என்று நீங்கள் எழுதியது சரியல்ல. மூன்றாம் ஜார்ஜ் அரண்மனைக்கு மரச்சாமான் செய்தவர்கள் வைல், காப் என்று வேறு இரண்டு பேர், அதே வட்டாரத்துக்காரர்கள். சிப்பண்டேலுக்கு வேலை கொடுத்தவர்கள் பிரபுக்களும் ஜமீன்களும்.

பட்டறை போட்ட மறு வருஷம், 1755-ல், அது தீப்பிடித்தது. அதில் 22 தொழிலாளிகளின் கருவிப் பெட்டிகள் எரிந்துபோயின. இந்த ஒரு தகவலைப் படித்தபோதுதான் அந்த மனிதர் எனக்குப் பக்கத்து வீட்டுக்காரர் மாதிரி ஆனார். கருவிப் பெட்டி என்பது ஆசாரிக்கு என்ன என்று ஆசாரிக்குத்தான் தெரியும். உளியின் பிடி அவன் உள்ளங்கைக்குப் பழகியிருக்கும். இழைப்புளியை அவன் அப்பன் கொடுத்திருப்பான். கடையில் வாங்கி ஈடுகட்டிவிடக்கூடிய நஷ்டம் இல்லை அது. அப்புறம், 22 பெட்டி என்றால் குறைந்தது 22 ஆள். சிப்பண்டேல் தம் கையாலேயே எட்டு நாற்காலி செய்தார் என்பது இதனால்தான் இடிக்கிறது. அவர் கணக்குப் பார்ப்பார், படம் போடுவார், பிரபு வீட்டுக்குப் போய் அளவு எடுப்பார், திரைச்சீலை முதல் சுவர்க் காகிதம் வரை சப்ளை செய்வார். உளி பிடிப்பவர்கள் வேறு ஆட்கள். அவர்கள் பெயர் யாருக்கும் தெரியாது. அவர் தம் பெயரையும் நாற்காலியில் பொறிக்கவில்லை. இன்றைக்கு இது சிப்பண்டேல் பட்டறைச் சாமான் என்று சொல்வதற்கு ஆதாரம் அந்தந்த மாளிகையில் கிடக்கும் ரசீதும் கடிதமும்தான்.

ரசீது என்றதும் நாஸ்டெல் மாளிகை ஞாபகம் வருகிறது. ரோலண்ட் வின் என்ற பிரபுவின் வீடு. அங்கே நூலக மேஜை ஒன்றுக்குச் சிப்பண்டேல் 1767-ல் 72 பவுன் 10 ஷில்லிங் வாங்கியிருக்கிறார். அதே வீட்டுக்கு அடுக்களையில் இறைச்சி வெட்ட ஒரு பெரிய எல்ம் மரக் கட்டையும் கொடுத்திருக்கிறார், பத்து ஷில்லிங். பெரிய பட்டறை, பெரிய பெயர், ஆனால் கறி வெட்டுகிற கட்டை கேட்டாலும் மாட்டேன் என்று சொல்லவில்லை. எனக்கு அந்த மேஜையைவிட இந்தக் கட்டையின் மேல்தான் மரியாதை அதிகம்.

அந்தப் பிரபு பணத்தை இழுத்தடிக்கிற ஆள். வேலை தாமதம் என்று கோபமாக எழுதுவார், காசு மட்டும் அனுப்பமாட்டார். சிப்பண்டேல் கெஞ்சி எழுதிய கடிதங்கள் இன்றைக்கும் இருக்கின்றன. அவற்றின் சாரத்தைப் படித்த அன்றைக்கு நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு வாசலில் போய் உட்கார்ந்துவிட்டேன். இருநூறு வருஷம், ஏழு கடல், எல்லாம் தாண்டியும் அதே "அடுத்த மாசம் பார்க்கலாம்".

நியாயமாகச் சொல்வதென்றால் அவரும் ஒன்றும் உத்தமர் இல்லை. 1769-ல் பிரான்சிலிருந்து முடிக்காத நாற்காலிகள் அறுபதை விலை குறைத்துக் காட்டி இறக்கப் பார்த்து, சுங்கத்தில் மாட்டிக்கொண்டார். இங்கே புளியரை செக்போஸ்ட்டில் நடக்காததா! இதே சுங்கம் இன்னொரு தடவை அவருடைய வாடிக்கையாளர் ஒருவரையும் அழவைத்தது. டேவிட் காரிக் என்ற பெரிய நாடக நடிகர், அவர் வீட்டுக் கட்டிலுக்குத் திரையாகக் கல்கத்தா வெள்ளைக்காரர்கள் அன்பளிப்பாக அனுப்பிய துணி, நம் சோழமண்டலக் கரையில் கையால் சாயம் தீட்டியது. இந்தியச் சாயத் துணி இங்கிலாந்துக்குள் வரக் கூடாது என்று அப்போது தடை. பறிமுதல் செய்துவிட்டார்கள். நடிகர் அதிகாரிகளுக்குக் கடிதம் எழுதி மன்றாடினார். அந்தக் கட்டிலும் துணியும் இப்போது லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. கட்டிலைச் செய்த பட்டறைக்கு ஊர் உலகமெல்லாம் பெயர். துணியைத் தீட்டியவன் பெயர்?

மரம் சும்மா கிடைத்திருக்கும் என்று அப்பா சொன்னதைப் பிறகு சொல்வதாகச் சொன்னேன். 1721-ல் இங்கிலாந்து தன் குடியேற்ற நாடுகளிலிருந்து வரும் மரத்துக்கு வரியை எடுத்துவிட்டது. அதற்குப் பிறகுதான் மேற்கிந்தியத் தீவுகளின் மகோகனி கப்பல் கப்பலாக வந்தது. ஜமைக்காவில் அதை வெட்டியவர்கள் ஆப்பிரிக்க அடிமைகள். சிப்பண்டேலின் மிகப் பெரிய வேலை ஹேர்வுட் என்ற மாளிகை. அங்கே டயானா, மினர்வா என்ற இரண்டு தேவதைகள் உருவம் பதித்த ஒரு இழுப்பறைப் பெட்டிக்கு மட்டும் 1773-ல் 86 பவுன். அந்த வீட்டுக்காரர் குடும்பத்துக்கு அவ்வளவு பணம் வந்தது மேற்கிந்தியக் கரும்பிலிருந்தும் அடிமை வியாபாரத்திலிருந்தும். மரத்தை வெட்டியதும் அடிமை, காசைச் சம்பாதித்துக் கொடுத்ததும் அடிமை. அப்படிப்பட்ட நாற்காலி ஒரு தேயிலை எஸ்டேட் பங்களாவுக்கு வந்து சேர்ந்ததில் ஆச்சரியம் இல்லை. அதற்குப் பழகின இடம்தான்.

சரி, லண்டனில் ஒரு பட்டறை நடத்தியவர் எப்படிச் செங்கோட்டைச் சாய்ப்புக்குள் வந்தார்? அதற்குத்தான் இந்தப் புத்தகம். 1754-ல், பட்டறை போட்ட அதே வருஷம், 160 செப்புத் தகட்டுப் படங்களோடு அதை வெளியிட்டார். தலைப்பைத் தமிழில் 'கனவானுக்கும் தச்சருக்கும் வழிகாட்டி' என்று சொல்லலாம். முந்நூறு பேருக்கு மேல் முன்பணம் கட்டினார்கள், அதில் பிரபுக்களும் உண்டு, நம்மைப் போலத் தொழில்காரர்களும் நிறைய உண்டு. மூன்றாம் பதிப்பில் படம் 200 ஆயிற்று. அமெரிக்காவில் பிலடெல்பியா ஆசாரிகள் அதைப் பார்த்துச் செய்தார்கள், இன்றைக்கும் 'பிலடெல்பியா சிப்பண்டேல்' என்றே சொல்கிறார்கள். நமக்குப் பக்கத்தில் விசாகப்பட்டினத்து ஆசாரிகள் அந்தக் காலத்திலேயே இங்கிலீஷ் மாதிரிப் படங்களைப் பார்த்து, ஈட்டியிலும் கருங்காலியிலும் நாற்காலி செய்து, நம் பூவேலையைத் தந்தத்தில் பதித்தார்கள். அதற்கு முன்னால் மரச்சாமானை இன்ன ராஜா காலத்துப் பாணி, இன்ன ராணி காலத்துப் பாணி என்றுதான் சொல்வது வழக்கம். ஒரு ஆசாரியின் பெயரால் ஒரு பாணிக்குப் பெயர் வந்தது இவரிலிருந்துதான்.

தம்பட்டமும் கொஞ்சம் உண்டு. நாடா முதுகு நாற்காலிகளைக் காட்டுகிற இடத்தில், தற்பெருமை இல்லாமல் சொல்வதானால் நான் பார்த்ததிலேயே இவைதான் சிறந்தவை என்று எழுதிக்கொள்கிறார். போகட்டும், செய்துதானே காட்டுகிறார். நாற்காலி முதுகின் உயரம் இருக்கையிலிருந்து 22 அங்குலத்துக்கு மேல் போவது அபூர்வம், அறைக்குத் தக்கபடி குறைத்துக்கொள்ளலாம் என்று ஒரு இடத்தில் இருக்கிறது. இதைப் படித்ததும் அப்பா முழக்கோலைப் பிடித்துக்கொண்டு எனக்குக் கூவிச் சொன்ன அளவு காதில் கேட்டது: "இருபத்திரண்டுக்கு ரெண்டு நூல் கம்மி, எழுதிக்கோ."

ஆனால் ஆசாரி கண்ணால் பார்த்தால் அந்தப் புத்தகத்தில் ஒரு தந்திரம் தெரியும். வடிவம் இருக்கிறது, வெளி அளவு இருக்கிறது. கழுந்து எத்தனை நூல், துளை எவ்வளவு ஆழம், எதை எதில் கோக்க வேண்டும் என்று ஒரு வார்த்தை கிடையாது. அது தெரிந்தவனுக்குத்தான் புத்தகம். தெரியாதவன் வாங்கிப் பார்த்து ரசித்துவிட்டு, பிறகு அவருடைய பட்டறைக்கே ஆர்டர் கொடுக்க வேண்டியதுதான். கெட்டிக்காரர்.

இன்னொரு வேடிக்கை. இடத்தை மிச்சம் பிடிக்க ஒரே நாற்காலிப் படத்தில் இடது பக்கம் ஒரு மாதிரியும் வலது பக்கம் வேறு மாதிரியுமாக வரைந்திருப்பார், வேண்டியதைத் தேர்ந்துகொள்ளலாம் என்று. என் மாணவன் ஒருவன் அந்தப் புத்தகத்தை இரண்டு வாரம் இரவல் வாங்கிக்கொண்டு போய், யாரிடமும் கேட்காமல், ஒரு கால் நேராகவும் ஒரு கால் வளைந்தும் ஒரு நாற்காலி செய்துகொண்டு வந்து நிறுத்தினான். வேலை அவ்வளவு சுத்தம். திட்ட மனசு வரவில்லை. அந்த நாற்காலி என் வீட்டில்தான் இருக்கிறது, நான் இதை எழுதுவது அதில் உட்கார்ந்துதான்.

நகக்காலை அவர் கண்டுபிடித்தார் என்பதும் தவறு. அந்தப் புத்தகம் முழுக்கத் தேடினாலும் உருண்டையைப் பிடித்த நகம் ஒன்றுகூட இல்லை. அவர் பட்டறை போடுவதற்கு முன்பே இங்கிலாந்தில் அது ஓடித் தேய்ந்த மோஸ்தர். சீனத்து நாகம் முத்தைப் பிடித்திருக்கிற கோலத்திலிருந்து வந்தது என்பார்கள். பிற்காலத்தில் அவர் பாணி என்று செய்தவர்கள், விற்பனைக்காக அதையும் அவர் தலையில் கட்டிவிட்டார்கள்.

உங்கள் படத்தில் உள்ள மற்ற ஆறு நாற்காலிகளும் அப்படிப்பட்டவைதான் என்பது என் கணிப்பு. மகோகனிதான், இங்கிலாந்திலிருந்து வந்திருக்கலாம்தான். ஆனால் 1958-ல் மாதிரிக்காக வந்த அந்த நாற்காலியின் இருக்கையைக் கழற்றியபோது நான் பக்கத்தில் இருந்தேன். உள்ளே சட்டத்தின் முகத்தில் வளைவு வளைவாகக் கோடுகள். அப்பா அதைக் காட்டி, "பாரு, வட்ட ரம்பத்துல அறுத்திருக்கான்" என்றார். அவர் சொன்னது மில்லில் பார்த்த பழக்கத்தில். சிப்பண்டேல் காலத்தில் பலகையை இரண்டு பேர் மேலும் கீழும் நின்று இழுத்து அறுத்தார்கள், கோடு நேராக விழும். மரப் பட்டறைகளில் வட்ட ரம்பம் பரவியது அவர் 1779-ல் காசநோயில் இறந்ததற்குப் பிறகு. மூலைக்கட்டையைப் பிடித்திருந்த திருகாணிகளும் கூர்முனை. அந்தத் திருகாணி பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில்தான் வந்தது, அதற்கு முன்பு முனை மொண்ணையாக இருக்கும். ஆக ஆறும் அவருக்குப் பின்னால் யாரோ புத்தகம் பார்த்தோ, புத்தகம் பார்த்துச் செய்ததைப் பார்த்தோ செய்தவை. அப்பா அவற்றைப் பார்த்துச் செய்தார். எட்டுமே நகல்தான், இரண்டு மட்டும் கொஞ்சம் பிந்திய நகல்.

இதனால் விலை குறையுமே என்று ஏலக்காரர் வருத்தப்படலாம். என்ன செய்வது? லண்டன் சாமான் என்று லட்சக்கணக்கில் கொட்டிக் கொடுத்துவிட்டு எவராவது பிறகு தலையில் கை வைத்து உட்காருவதைவிட இப்போதே தெரிந்துகொள்வது நல்லது. நல்ல மகோகனி ஆறும் நல்ல சந்தனவேம்பு இரண்டும் அறுபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆடாமல் நிற்கின்றன என்றால் அதற்கும் ஒரு விலை உண்டு.

என் பேச்சை நம்ப வேண்டாம். ஏலத்துக்கு முன்னால் நிருபரை ஒரு டார்ச் லைட்டோடு மறுபடி அனுப்புங்கள். எட்டையும் கவிழ்த்துப் பார்க்கட்டும். இருக்கைக்குக் கீழே, பின்சட்டத்தின் உள்பக்கம், ஒவ்வொன்றிலும் உளியால் கொத்திய எண் இருக்கும். ஒரு செட்டைச் சேர்த்துச் செய்யும்போது இருக்கை மாறிப்போகாமலிருக்க இங்கிலாந்து ஆசாரிகள் ரோமன் எண் கொத்துவது வழக்கம். நேர்க்கோடுதானே, உளிக்கு எளிது. அப்பாவுக்கு வந்த மாதிரியில் மூன்று கோடுகள் இருந்தன. அது மூன்றாம் நாற்காலி என்று அவருக்குப் புரிந்தது. மிச்சம் நல்லபடி இருப்பவை ஆறு என்று மேனேஜர் சொல்லியிருந்தார். அதனால் தன்னுடையவை ஏழும் எட்டும் என்று கணக்குப் பண்ணினார். ரோமன் எண்ணில் ஏழு எப்படி எழுதுவது என்று அவருக்குத் தெரியாது. திண்ணைப் பள்ளியில் படித்த தமிழ் எண் தெரியும்.

ஒன்றில் ௭ என்றும் மற்றதில் ௮ என்றும் இருக்கும். எட்டின் வால் கொஞ்சம் பிசிறியிருக்கும். அன்றைக்குக் கட்டையைப் பிடித்திருந்தவன் கை ஆடிவிட்டது. அந்தக் கை என்னுடையது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மரவேலை ஆசிரியர்,
செங்கோட்டை.